பிறர் பாட்டு, தன் குரல்

'மிஸ் சைகோன்' இசை நாடகத்துக்குக் கதாநாயகி தேடி 1988-இல் லண்டனிலிருந்து ஒரு குழு மணிலாவில் வந்து இறங்கியது. வியட்நாமியப் பெண்ணாக நடிக்கவும் வேண்டும், நாடகம் முழுவதையும் குரலால் தாங்கவும் வேண்டும். லண்டனில் சல்லடை போட்டுத் தேடியும் அப்படி ஒருவர் அமையவில்லை. மணிலாவில் குரல் தேர்வுக்கு வந்தவர்களில் 17 வயது லியா சலோங்காவும் ஒருவர். மறு ஆண்டே அவர் லண்டன் மேடையில் நின்றார். 1990-இல் ஒலிவியே விருது, 1991-இல் நியூயார்க்கில் டோனி விருது. தேடியவர்கள் பாதி உலகம் தாண்டி வந்ததால் கிடைத்த குரல் அது.

அதே பிலிப்பைன்ஸிலிருந்து 2007-இல் இன்னொரு குரல் உலகத்துக்குத் தெரிய வந்தது. இம்முறை தேடி யாரும் வரவில்லை. மங்கலான சில வீடியோத் துண்டுகள் கணினி கணினியாகத் தாவிக் குரலைக் கொண்டு சேர்த்தன. அந்தப் பாடகருக்கு அப்போது 15 வயது. அவர் பாடியவை எல்லாமே பிறர் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகள். ஆன்லைனில் கவர் பாட்டு வழியாக இளம் குரல் ஒன்று கண்டெடுக்கப்படுவது இன்று வாரம் ஒருமுறை கேட்கிற செய்தி. அது எப்படி நடக்கிறது, யாரால் நடக்கிறது, நடந்த பிறகு அந்தக் குரல் என்ன ஆகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

மணிலாவுக்குத் தெற்கே உள்ள லகுனா மாகாணத்தில் 1992 மே மாதம் பிறந்தவர் அவர். இன்று ஜேக் சைரஸ். அன்று மேடையில் ஷரீஸ் பெம்பெங்கோ. ஏழு வயதிலேயே பாட்டுப் போட்டிகளில் ஏறத் தொடங்கிவிட்டார். தனியாகப் பிள்ளைகளை வளர்த்த தாய்க்கு அந்தப் பரிசுப் பணம் குடும்பச் செலவில் ஒரு பங்கு. ஊர்த் திருவிழா, நகரத் திருவிழா என்று எங்கே மேடை போட்டாலும் போய்ப் பாடினார். 2005-இல் ஏ.பி.எஸ்-சி.பி.என். தொலைக்காட்சியின் 'லிட்டில் பிக் ஸ்டார்' போட்டியில் கலந்துகொண்டார். நடுவில் வெளியேற்றப்பட்டு, வைல்டு கார்டில் திரும்ப வந்து, கடைசியில் மூன்றாம் இடம். அதற்குப் பிறகு அவர் பெயர் பெரிதாக அடிபடவில்லை. போட்டியில் மூன்றாவதாக வந்த எத்தனையோ பிள்ளைகளைப் போல அவரும் மறக்கப்பட்டிருக்கலாம்.

மறக்கவிடாமல் தடுத்தவர் ஒரு ரசிகர். 'ஃபால்ஸ்வாய்ஸ்' என்ற கணக்கின் பின்னால் இருந்த அந்த மனிதர், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இந்தப் பிள்ளை பாடியதை யூடியூபில் ஏற்றிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு நடந்தவை ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. 2007 ஜூனில் மாதிரிப் பதிவுக்காக ஸ்வீடனிலிருந்து அழைப்பு வந்தது. அக்டோபரில் தென் கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 'ஸ்டார் கிங்' நிகழ்ச்சி. டிசம்பரில் அமெரிக்காவில் எலன் டிஜெனரஸின் மேடை. 2008 மே மாதம் ஓப்ரா வின்ஃப்ரியின் மேடை. ஓப்ராவே தொலைபேசியை எடுத்து இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டரிடம் இந்தக் குரலைச் சிபாரிசு செய்தார். 2010 மே மாதம் வெளியான ஆல்பம் 'ஷரீஸ்', பில்போர்டு 200 பட்டியலில் 8-ஆம் இடத்தில் நுழைந்தது. ஆசியாவிலிருந்து தனிப் பாடகர் ஒருவர் அந்தப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது அதுவே முதல் முறை.

இந்த வரிசையைப் படித்துவிட்டு இணையம் செய்த அற்புதம் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் இணையம் செய்தது சுமந்து சென்ற வேலை மட்டும். வீடியோவைத் தேர்ந்தெடுத்தது, தலைப்பு எழுதியது, பாட்டின் பெயரைச் சரியாகப் போட்டது, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியது எல்லாம் ஒரு மனிதர். குரல் பழகியது இணையத்துக்கு வெளியே, ஊர்த் திருவிழாக்களின் மூங்கில் மேடைகளில்.

கவர் பாட்டு ஏன் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதற்குக் காரணம் தேடல் பெட்டியில் இருக்கிறது. பெயர் தெரியாத பாடகரின் பெயரை யாரும் தேடுவதில்லை. தெரிந்த பாட்டின் பெயரைத்தான் தேடுகிறார்கள். 1981-இல் பிராட்வேயில் ஏறிய 'ட்ரீம்கேர்ள்ஸ்' நாடகம் 2006 கடைசியில் திரைப்படமாக வந்தது. அதில் பாடி நடித்த ஜெனிஃபர் ஹட்சனுக்கு 2007 பிப்ரவரியில் ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படத்தில் ஹட்சன் பாடும் பாட்டை, காதலன் கைவிட்டுப் போகும்போது போகமாட்டேன் என்று மன்றாடும் பாட்டை, அந்த ஆண்டு உலகம் முழுவதும் தேடிக் கேட்டது. அந்தப் பாட்டைத்தான் பிலிப்பைன்ஸின் 15 வயதுப் பாடகரும் பாடிக்கொண்டிருந்தார். ஹட்சனைத் தேடி வந்த காதுகளில் இந்தக் குரலும் விழுந்தது.

இன்னொரு காரணம் கேட்பவரின் மனத்தில் இருக்கிறது. புதுப் பாட்டைப் புதுக் குரல் பாடினால் மெட்டு நன்றாக இருக்கிறதா, வரிகள் நன்றாக இருக்கின்றனவா, குரல் நன்றாக இருக்கிறதா என்று மூன்றையும் ஒரே சமயத்தில் எடை போட வேண்டியிருக்கிறது. தெரிந்த பாட்டில் முதல் இரண்டும் ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயங்கள். மிச்சம் இருப்பது குரல் மட்டும். ஒரே கீர்த்தனையை வெவ்வேறு வித்வான்கள் பாடக் கேட்டு வளர்ந்த சபா ரசிகர் போலத்தான் கவர் கேட்பவரும். பாட்டு என்ன என்பது தெரிந்த கணத்திலிருந்து, இவர் அந்த இடத்தை எப்படித் தாண்டப் போகிறார் என்று காது காத்திருக்கத் தொடங்கிவிடும்.

'அந்த இடம்' என்பது என்ன என்று சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். எலன் நிகழ்ச்சியில் ஜேக் பாடிய பாட்டுகளில் ஒன்று, 'தி பாடிகார்ட்' படத்துக்காக 1992-இல் விட்னி ஹூஸ்டன் பாடிய புகழ்பெற்ற விடைபெறும் பாட்டு. தொடக்கத்தில் வாத்தியமே கிடையாது. தம்புரா மாதிரி சுருதி பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லாமல் வெறும் குரல் தனியே நிற்க வேண்டும். தொடங்கிய சுருதியில் சிறு பிசகு இருந்தாலும் வாத்தியங்கள் வந்து சேரும்போது அம்பலமாகிவிடும். பிறகு பாட்டு மெல்ல வளர்ந்து, கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒரு நொடி முழு அமைதி. ஒரே ஒரு டிரம் அடி. அந்த அடியோடு சுருதியே ஒரு படி மேலே ஏறிவிடும். ஏற்கெனவே உச்சத்தில் இருந்த மெட்டை இன்னும் மேலே, கள்ளக்குரலுக்குப் போகாமல் நெஞ்சுக் குரலிலேயே எடுத்து நிறுத்த வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். அல்லது குரலை மெலியவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். ஜேக்கின் அந்நாளைய பதிவுகளில் வியக்க வைப்பது சத்தத்தின் அளவைவிட, அந்த அடிக்குப் பிறகு அவர் ஸ்வரத்தில் வந்து உட்காருகிற உறுதி. கீழிருந்து தேடிக்கொண்டு வராமல், எடுத்த எடுப்பில் நேராக அங்கே போய் நிற்கிறார். நின்ற பிறகுதான் குரலை அசைக்கிறார்.

இந்தப் பாட்டே ஒரு கவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டாலி பார்ட்டன் எழுதிப் பாடி 1974-இல் வெளியிட்ட நாட்டுப்புறப் பாணிப் பாட்டு அது. மென்மையாக, கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் பார்ட்டன் பாடியதை டேவிட் ஃபாஸ்டரின் தயாரிப்பில் விட்னி வேறொரு பாட்டாகவே ஆக்கினார். ஓப்ரா மேடையில் ஜேக் பாடிய பாட்டும் அதே படத்தில் விட்னி பாடியதுதான். அதற்கு மெட்டமைத்தவர் ஃபாஸ்டர். யாருடைய மெட்டைப் பாடிப் பாடி ஒரு பிள்ளை வளர்ந்ததோ, அவரிடமே அந்தப் பிள்ளையின் குரல் போய்ச் சேர்ந்தது.

பிலிப்பைன்ஸிலிருந்து இப்படிப்பட்ட குரல்கள் திரும்பத் திரும்ப வருவதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. 1898 முதல் அரை நூற்றாண்டு நெருங்க அமெரிக்க ஆட்சி இருந்த நாடு. ஆங்கிலம் பள்ளியில் வந்தது, அமெரிக்கப் பாட்டு வானொலியில் வந்தது. ஸ்பானியர்கள் விட்டுப்போன ஊர்த் திருவிழாக்களில் பாட்டுப் போட்டி இல்லாமல் இருக்காது. 'தவாக் நங் தாங்ஹாலன்' என்ற போட்டி 1950-களிலேயே வானொலியில் தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தது. பிகோல் பகுதியின் இரிகா ரயில் நிலையத்தில் பயணிகளுக்குத் தண்ணீர் விற்ற நோரா அவுனோர், 1967-இல் அந்தப் போட்டியில் வென்று நாட்டின் மாபெரும் நட்சத்திரமானார். 1984-இல் வேறொரு தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற ரெஜின் வெலாஸ்கஸைச் சிறு வயதில் அவர் தந்தை கழுத்தளவு கடல் நீரில் நிற்க வைத்துப் பாடப் பழக்கினார். நீரின் அழுத்தத்தை எதிர்த்து மூச்சை இழுத்துப் பாட வேண்டும், அதுதான் சாதகம்.

கரோக்கேயும் இதில் சேரும். கரோக்கே கருவி ஒன்றை 1971-இல் ஜப்பானின் கோபே நகரத்தில் செய்தவர் டைசுகே இனோவே. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 'சிங் அலாங் சிஸ்டம்' என்ற தன் கருவிக்கு 1980-களில் காப்புரிமை வாங்கியவர் பிலிப்பைன்ஸின் ராபர்ட்டோ டெல் ரொசாரியோ. அந்த உரிமைக்காக அவர் தொடுத்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் அவர் பக்கம் தீர்ந்தது. பிறந்த நாளுக்கும் திருமணத்துக்கும் 'வீடியோகே' பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்து நள்ளிரவு வரை பாடுகிற வழக்கம் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. வீடியோகே முன்னால் நிற்கிற ஒவ்வொருவரும் செய்வது கவர் பாட்டுதான். ஆசிய நாடுகளின் ஓட்டல்களிலும் சொகுசுக் கப்பல்களிலும் மேற்கத்தியப் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடிப் பிழைக்கிற பிலிப்பைன்ஸ் இசைக் குழுக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. யூடியூப் வந்தபோது அந்த நாட்டில் குரல்கள் தயாராகக் காத்திருந்தன.

அப்படிக் காத்திருந்த இன்னொருவர் ஆர்னெல் பினேடா. அவர் இளைஞர் இல்லை. ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது. மணிலாவில் 1967-இல் பிறந்தவர். 13 வயதில் தாயை இழந்து, குடும்பம் சிதறி, லுனேட்டா பூங்காவில் படுத்துறங்கி, காலி பாட்டிலும் பழைய இரும்பும் பொறுக்கிப் பிழைத்தவர். பிறகு ஹாங்காங் விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் கவர் பாடினார். மணிலாவில் 'தி ஸூ' குழுவோடு அவர் பாடியதை ஒரு ரசிகர் யூடியூபில் ஏற்றிவைத்தார். 2007 ஜூன் மாதம், சான் ஃபிரான்சிஸ்கோவின் 'ஜர்னி' ராக் குழு பாடகர் இல்லாமல் நின்றிருந்தது. குழுவின் கிடாரிஸ்ட் நீல் ஷோன் யூடியூபில் குரல் தேடியபோது, தன் குழுவின் பாட்டையே பினேடா பாடுவதைக் கண்டார். ஏற்றியவர் மூலம் செய்தி அனுப்பினார். யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் பினேடா முதலில் நினைத்தார். விசா வாங்கப் போன இடத்தில் தூதரக அதிகாரி நம்பாமல் ஒரு ஜர்னி பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னதாகவும், பாடியதும் விசா கிடைத்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த டிசம்பரில் அவர் அறிவிக்கப்பட்டார். 2008 ஜூனில் வந்த 'ரெவலேஷன்' ஆல்பம் பில்போர்டில் 5-ஆம் இடம் பிடித்தது.

ஜேக்கையும் பினேடாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. பினேடாவுக்குத் தேவைப்பட்டதே கவர் குரல்தான். ஜர்னியின் பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரி பாடியதை அந்தச் சுருதியிலேயே, அந்த வேகத்திலேயே, இரவுக்கு இரவு பாட ஒருவர் வேண்டியிருந்தது. 20 ஆண்டு விடுதிகளில் பாடிய நாற்பது வயதுக்காரருக்கு அது தெரிந்த தொழில். 15 வயதுப் பிள்ளையிடம் உலகம் கேட்டது வேறு: விட்னி மாதிரிப் பாடு என்று கைதட்டியது, அடுத்த மூச்சிலேயே உன் பாட்டு எங்கே என்றும் கேட்டது.

மேற்கிலும் இதே வாசல் வழியாக வந்தவர்கள் உண்டு. கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் 2007-இல் நடந்த பாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற ஜஸ்டின் பீபரின் வீடியோவை, வர முடியாத உறவினர்கள் பார்க்கட்டும் என்று அவர் தாய் யூடியூபில் ஏற்றினார். இசை மேலாளர் ஸ்கூட்டர் பிரான் வேறொரு பாடகரைத் தேடும்போது தற்செயலாக அதைச் சொடுக்கினார். 2013-இல் 15 வயது ஷான் மெண்டஸ் வைன் செயலியில் ஆறு நொடி வீடியோவாகப் பாடிப் போட்டது பீபரின் பாட்டு. மறு ஆண்டே ஐலண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். நெதர்லாந்தின் எஸ்மே டென்டர்ஸ் இவர்கள் எல்லாருக்கும் முன்னோடி. 2006-இல் வெப்கேம் முன் உட்கார்ந்து பாடத் தொடங்கி, 2007-இல் ஜஸ்டின் டிம்பர்லேக்கின் டென்மன் நிறுவனம் ஒப்பந்தம் செய்த முதல் பாடகரானார். 2009-இல் அவர் ஆல்பம் வந்தது. பீபர் அளவுக்கு அது பேசப்படவே இல்லை. குரலில் டென்டர்ஸுக்குக் குறை ஒன்றும் இல்லை. பீபருக்குத் தன் வயதையொத்த ரசிகர் கூட்டமும், அவர்களுக்கென்றே எழுதப்பட்ட சொந்தப் பாட்டுகளும் கிடைத்தன. டென்டர்ஸைக் கவர் கேட்க வந்த கூட்டம் சொந்தப் பாட்டு கேட்கத் தங்கவில்லை.

காசு விஷயத்தில் கவர் பாடுபவரின் நிலை எப்போதும் பலவீனமானது. அமெரிக்கச் சட்டப்படி ஏற்கெனவே வெளியான பாட்டை மறுபடி ஒலிப்பதிவு செய்ய யாரும் கட்டாய உரிமம் பெறலாம். ஆனால் அதே பாட்டை வீடியோவாகப் போட அது போதாது, உரிமையாளரின் தனி அனுமதி வேண்டும். இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 31சி பிரிவு, முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் கவர் பதிவுக்குச் சட்டப்படியான உரிமம் தருகிறது. இது கவர்தான் என்று அட்டையில் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். தொடக்க கால யூடியூப் பிள்ளைகள் எவரும் இதையெல்லாம் யோசித்துப் பாடவில்லை. பாட்டு எழுதியவர்களின் வெளியீட்டாளர்களும் யூடியூபும் 2011-இல் அமெரிக்காவில் சமரசம் செய்துகொண்ட பிறகு விளம்பர வருமானத்தில் எழுதியவருக்கும் பங்கு போகத் தொடங்கியது. அது நியாயம். பாட்டைப் படைத்தவருக்கு அதில் உரிமை இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? ஆனால் இதன் விளைவு, கோடிப் பேர் கேட்ட கவரைப் பாடிய பிள்ளையின் கையில் பெரும்பாலும் மிஞ்சுவது பெயர் மட்டும்தான். அந்தப் பெயரை வைத்து அடுத்த வாசலைத் தட்ட வேண்டும்.

தமிழ்க் காதுகளுக்கு மிகவும் பழக்கமான ஒரு குரலும் அப்படித் தட்டி உள்ளே வந்ததுதான். கனடாவில் வளர்ந்த ஜோனிதா காந்தி, பியானோ கலைஞர் ஆகாஷ் காந்தியோடு சேர்ந்து இந்தித் திரைப் பாட்டுகளைப் பாடி யூடியூபில் போட்டார். 'விக்கி டோனர்' படப் பாட்டு ஒன்றின் கவர் பெரிதாகப் பரவியது. 2013-இல் 'சென்னை எக்ஸ்பிரஸ்', பிறகு ஏ.ஆர்.ரஹ்மானின் இசையில் 'ஹைவே', 2015-இல் 'ஓ காதல் கண்மணி', 2022-இல் அரபிக் குத்து. இன்று அவரைக் கவர் பாடகர் என்று யாரும் நினைப்பதே இல்லை. இந்தியத் திரை இசையில் பாடகருக்கு இருக்கிற ஒரு வசதி இது: தனக்கென்று பாட்டு எழுதிக்கொள்ளத் தேவையில்லை, இசையமைப்பாளர்கள் புதுப் பாட்டோடு காத்திருக்கிறார்கள். கவரிலிருந்து சொந்தப் பாட்டுக்குத் தாவுகிற பள்ளத்தில் அமெரிக்காவில் பல குரல்கள் விழுந்தன. அந்தப் பள்ளத்துக்கு இங்கே சினிமா ஒரு பாலம் போட்டு வைத்திருக்கிறது. டி.எம்.சௌந்தரராஜன் 1950-இல் வெளியான 'கிருஷ்ண விஜயம்' படத்துக்குப் பாட வந்தபோது தியாகராஜ பாகவதரின் சாயலில்தான் பாடினார். அடுத்து வந்த பாட்டுகள் அவரை அவராக்கின.

இலங்கையில் நடந்தது தலைகீழ். 'மெனிகே மகே ஹித்தே' பாட்டை 2020-இல் முதலில் பாடியவர் சதீஷன் ரத்நாயக்க. 2021 மே மாதம் பாடகி யொஹானி அவரோடு சேர்ந்து, சமத் சங்கீத்தின் இசைக்கோர்ப்பில் அதன் கவரைப் பாடினார். சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாத கோடிக்கணக்கானோர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இந்தித் திரைப்படத்துக்கும் போனது. இங்கே கேட்பவர்களுக்கு மூலப் பாட்டு முன்பே தெரியாது. பலருக்கு அது கவர் என்பதே தெரியவில்லை. மேலே சொன்ன தேடல் பெட்டிக் கணக்கு இந்தப் பாட்டுக்குச் செல்லாது. குரலின் நிறமும் தாளத்தின் துள்ளலுமே இழுத்தன. அதனால்தான் மூலப் பாடகரின் பெயரை விடாமல் சொல்வது இப்படிப்பட்ட இடங்களில் இன்னும் அவசியமாகிறது.

2007-இன் கதை இன்று அப்படியே நடக்குமா என்றால் சந்தேகம்தான். 2023 கணக்குப்படி ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய பாட்டுப் பதிவுகள் இணையச் சேவைகளில் ஏறின. கவர் வீடியோக்களின் தோற்றமும் மாறிவிட்டது. அன்றைய வெப்கேமில் ஒலி மோசம், வெளிச்சம் மோசம். ஆனால் பாடியது அந்த நேரத்தில் பாடியது என்று கேட்பவருக்குத் தெரியும். இன்று ஸ்டுடியோவில் பதிவு செய்து, சுருதி திருத்தி, பிறகு அழகான வீட்டில் உட்கார்ந்து வாயசைக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இறந்தவர் குரலிலேயே புதுப் பாட்டு வருகிறது. 'லால் சலாம்' படத்துக்காகப் பம்பா பாக்கியா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் குடும்பத்தாரின் அனுமதியோடு ரஹ்மான் அப்படிப் பயன்படுத்தினார். இது உண்மையில் பாடியதா என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் இப்போது முதலிலேயே எழுகிறது.

அதற்குப் பிலிப்பைன்ஸ் முன்பே தந்துவைத்த பதில் ஒரு பேருந்து. 'விஷ் 107.5' பண்பலை வானொலி 2014-இல் ஒரு பேருந்தின் பக்கவாட்டைக் கண்ணாடியாக்கி உள்ளே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தது. பாடகர் உள்ளே நின்று பாடுவார். கண்ணாடிக்கு வெளியே வழிப்போக்கர்கள் நின்று பார்ப்பார்கள். மொரிசெட் போன்ற இளம் பாடகர்கள் அந்தப் பேருந்தில் பாடிய கவர்களைக் கேட்டுக்கொண்டே உலகெங்கும் குரல் பயிற்றுநர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்க வீடியோக்களுக்கும் தனிக் கூட்டம் இருக்கிறது. ஒரு ரசிகர் தன் விருப்பத்துக்காகச் செய்த பரப்புகிற வேலையை இன்று வானொலியும் பயிற்றுநர்களும் தொழிலாகச் செய்கிறார்கள்.

இனி ஜேக் சைரஸின் மீதிக் கதை. 2010 ஆல்பத்துக்குப் பிறகு அமெரிக்காவில் அந்த வேகம் நீடிக்கவில்லை. அவர் எப்படி உடுத்த வேண்டும், எப்படி நிற்க வேண்டும், எந்த மாதிரிக் காதல் பாட்டைப் பாட வேண்டும் என்பதெல்லாம் முதல் நாளிலிருந்தே கவர் பாட்டுகளோடு சேர்ந்து வந்த சட்டைகள். பெரும் பாடகிகளின் வாரிசு என்று உலகம் ஒரு இளவரசியைத் தேடியது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. 2013-இல் தன் பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்னார்; 2017-இல் தான் ஒரு ஆண் என்று அறிவித்து ஜேக் சைரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டு டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையும் தொடங்கியது. அந்த ஹார்மோன் குரல் நாண்களைத் தடிக்க வைக்கும், குரல் இறங்கும், இறங்கியது திரும்பி ஏறாது. அவருக்கு அது தெரியும். உலகம் தன்னை எதற்காகத் தேடி வந்ததோ, அந்த உச்சஸ்தாயியைக் கொடுத்துத்தான் தன் உடலைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியும் என்று தெரிந்தே அவர் முடிவெடுத்தார்.

ரசிகர்களில் பலர் கோபித்தார்கள். கடவுள் கொடுத்த குரலைப் பாழாக்கிவிட்டார் என்று எழுதினார்கள். அந்தக் கோபம் தவறு. 15 வயதில் பிறர் பாட்டைப் பிறர் கேட்ட மாதிரி பாடியதற்காக ஒருவர் வாழ்நாள் முழுவதும் அந்தக் குரலைக் காப்பாற்றிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவதில்லை. எந்த இளம் குரலும் மாறும். ஜஸ்டின் பீபரும் விடலைப் பருவத்தில் குரல் உடைந்தபோது தன் புகழ்பெற்ற பாட்டையே சுருதி இறக்கிப் பாட வேண்டி வந்தது. அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை.

2017-இல் ஜேக் சைரஸ் என்ற பெயரில் அவர் வெளியிட்ட பாட்டு 'ஹிலிங்', தகாலோக் மொழியில். மறு ஆண்டு 'ஐ ஆம் ஜேக்' என்ற தன்வரலாறு வந்தது. புதுக் குரலோடு அவர் பாடப் பழகிய நாட்களை ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி 'ஜேக் அண்ட் ஷரீஸ்' என்று ஆவணப்படமாக எடுத்தது. பழைய கவர் வீடியோக்கள் யூடியூபில் பழைய பெயரிலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு இன்றும் புதிதாக வியக்கிறவர்கள், இந்தப் பாடகர் இப்போது எங்கே என்று தேடினால் இவரிடம்தான் வந்து சேர்வார்கள்.